மிதவையை அறுத்த பிறகு

1

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. எங்கள் ஆய்வகத் தலைவர் கடலில் ஓர் ஆரஞ்சு மிதவையைக் கட்டவைத்தார். அதற்கு நேர் கீழே, பவளப்பாறை இடுக்கில், களவா மீன்கள் வருடத்துக்கு ஒருமுறை முட்டையிடக் கூடுகின்றன. மூழ்கி எண்ணப்போகும் நாங்கள் இடம் தேடி அலையக் கூடாதாம். அழிந்துவரும் மீனைக் காப்பாற்றப் போய், அதற்கு விளம்பரப் பலகை மாட்டிவிட்டு வந்தோம்.

2

முதல் தொடக்கம்: "நிலவொளி அலைமேல் வெள்ளியாய்…" (வெள்ளியாவது மண்ணாவது. முகக்கண்ணாடிக்குள் உப்புத் தண்ணீர் புகுந்து கண் எரிந்தது.)

இரண்டாவது: "விளக்குத்தூணை இடப்பக்கம் விட்டு, கறுத்த பாறையைத் தாண்டி…" (கோடு போட்டு அடித்துவிட்டேன். நீங்கள் நல்லவர்தான். உங்கள் தோளுக்குப் பின்னால் எட்டிப் படிப்பவர் யாரோ?)

3

அண்ணனை முதலில் வில்லனாக எழுதினேன்: மீன்பிடிப் படகுக்காரன், பேராசைக்காரன். பொய். சாப்பிடும்போது அவன் கேட்டது இவ்வளவுதான்:

"தூரத்துல ஆரஞ்சா என்னமோ மிதக்குதாமே. கீழ என்னடி?"

"தண்ணி."

"நாங்க பிடிச்ச மீனுலதான் நீ படிச்ச. எங்கிட்டயே கதை விடுறியா?"

"முட்டையோட மொத்தமா அள்ளிட்டா அப்புறம் எதைப் பிடிப்ப? என் பட்டத்தையா?"

"ரெண்டும் வாய மூடிட்டுத் தின்னுங்க" என்றாள் அம்மா.*

* அண்ணன் சிரித்தான். "நான் போகலைன்னா வேற எவனாவது போவான்" என்றும் சொன்னான். இரண்டையும் எழுத மனமில்லாமல் இங்கே ஒதுக்கியிருக்கிறேன்.

4

மறுநாள் மூழ்கியபோது மிதவையின் கயிற்றை அறுத்தேன். விஷயம் தெரிந்ததும் தலைவர் கோபத்தில் குதித்தார்.

"எண்ணிக்கை இல்லேன்னா மீன்பிடித் தடை எப்படிம்மா வாங்குறது?"

"இடம் எனக்குத் தெரியும் சார்."

"மிதவை இல்லைன்னா படகும் இல்லை. நீந்திப் போ."

(அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. அதுதான் ஆத்திரம்.)

5

படகு அண்ணனிடமும் இருக்கிறது.

"நான் கூட்டிட்டுப் போறேன்."

"உனக்கு இடம் தெரிஞ்சுடுமே."

"பின்ன, கண்ணைக் கட்டிக்கிட்டா ஓட்டுறது?"

முடிவு ஒன்று: எண்ணினேன், தடை வந்தது, அண்ணன் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

முடிவு இரண்டு: எண்ணினேன். தடை வருவதற்குள் அதே இடுக்கில் அவன் வலை…

இரண்டும் வேண்டாம். நான் போகாவிட்டால் தடையே கிடையாது. எவன் வலையாவது என்றைக்காவது அங்கே இறங்கத்தான் போகிறது. அதனால் போகிறேன். வெளியே எஞ்சின் உறுமுகிறது.

"வர்றியா, எழுதிக்கிட்டே கெடக்கப்போறியா?"

அவனை நம்பலாமா? கூடப் பிறந்தவர் இருப்பவர்கள் யாராவது இந்த இடத்திலிருந்து எழுதிப் பாருங்கள்.