குழலுக்குள் குழல்

வெர்லின் டாக்கெட் மட்டும் சுட்டால் அந்தக் காளை கிழடுதட்டித்தான் சாகும் என்று பிளம் ஓடைக்காரர்கள் சிரிப்பார்கள்.

டென்னஸி மலைப்பக்கத்தில் அது வழிவழியாக வந்த பழக்கம். சோளம் அறுத்து முடிந்ததும் ஊர்ப்பொதுவில் ஒரு காளையை வாங்கி, அதன் கறிக்காகப் போட்டி போட்டுச் சுடுவார்கள். குழலின் வாய்வழியே வெடிமருந்து கெட்டிக்கிற பழைய துப்பாக்கிதான் கொண்டுவர வேண்டும். தரையில் குப்புறப் படுத்து, முனையை மரக்கட்டையில் சாய்த்து, எதிரே கரியடித்த பலகையில் கீறியிருக்கும் குறியை அடிக்க வேண்டும். நன்றாகச் சுட்டவன் பின்னந்தொடையை முதலில் எடுத்துக்கொள்வான். அடுத்தவன் மிச்சத்தில் நல்லதை. விதி ஒன்றே ஒன்றுதான்: குழல் அந்தக் காலத்துக் குழலாகவே இருக்க வேண்டும். உள்ளே குண்டைச் சுழற்றிவிடும் சுருள் பள்ளங்கள் தேய்ந்து போயிருந்தால் கையால் திரும்ப அறுத்து ஆழப்படுத்திக்கொள்ளலாம். ஆனால் உள்ளே உறையாகப் புதுக் குழல் செருகக் கூடாது. இதை யாரும் சோதித்துப் பார்த்ததில்லை. சொன்ன சொல்லை நம்புவார்கள்.

வெர்லின் துப்பாக்கிப் பட்டறை வைத்திருந்தான். உடைந்த விசை, வெடித்த கட்டை, துருப்பிடித்த குழல் எல்லாம் அவனிடம்தான் வரும். அவன் கையில் எல்லாம் சரியாகும் என்று ஊரில் பேர். அவன் மாமன் விட்டுப்போன சொந்தத் துப்பாக்கி மட்டும் சரியாகவில்லை. ஒரு கோடையில் அதன் பள்ளங்களைத் திரும்ப அறுத்துக்கொண்டிருந்தபோது வெட்டுப்பல் உள்ளேயே முறிந்தது. அதைப் பிடுங்கி எடுக்கிற வேகத்தில் குழலின் உட்சுவர் முழுக்கக் கீறலாகிவிட்டது. ஊர்த் துப்பாக்கிகளையெல்லாம் பழுது பார்க்கிறவன் தன் துப்பாக்கியைத் தானே கெடுத்துக்கொண்டான் என்று எப்படிச் சொல்வது? மூடி மறைத்து ஓஹையோவுக்கு எடுத்துப்போனான். அங்கே ஒருவர் பழைய குழலுக்குள் ஒல்லியாய் ஒரு புது எஃகுக் குழலை இறக்கி ஒட்டிக் கொடுத்தார். வாயிலிருந்து ஓர் அங்குலம் உள்ளே தள்ளித்தான் இறக்கியிருந்தார். வெளியே நின்று பார்த்தால் பழைய இரும்புதான் தெரியும்.

அந்த வருடம் பின்னந்தொடை வெர்லினுக்குப் போனது.

இரண்டாவதாக வந்தவர் அவன் மனைவி ஒனீட்டாவின் அண்ணன் ஆர்வில் ஸ்டிடம். தோற்றதற்கு அவர் முகத்தில் ஒரு சுருக்கம் கூட இல்லை. தொப்பியைக் கழற்றி ஆட்டிக்கொண்டு அத்தனை பேர் காதிலும் விழும்படி கத்தினார்.

"பாத்தீங்களாடா? கிழடுதட்டிச் சாகும்னீங்களே! எங்க மாப்ள கை வச்சா தேஞ்ச குழலும் பேசும்டா!"

கறியை வண்டியில் ஏற்றும்போது அவர் கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினார். "மாப்ள, என்னோடதும் உள்ள வழவழன்னு தேஞ்சுதான் கெடக்கு. என்ன குண்டு போடுற நீ? எவ்வளவு மருந்து? மச்சானுக்குச் சொல்லக் கூடாதா?"

வெர்லின் கறிமேல் துணியை இழுத்து மூடினான். அவன் போட்டது சின்னக் குண்டு. உள்ளே இறக்கிய ஒல்லிக் குழலுக்குள் அதுதான் போகும். தேய்ந்து அகன்ற குழலில் சின்னக் குண்டைப் போட்டுக் குறி அடித்தேன் என்றால் ஆர்வில் கூட நம்பமாட்டார். அதனால் தலைகீழாகச் சொன்னான்.

"பெரிய குண்டாப் போடுங்க மச்சான். எவ்வளவு பெருசு உள்ள போகுமோ அவ்வளவு. தடிச்ச துணியாச் சுத்தி இறுக்கி எறக்குங்க. மருந்தும் தாராளமா."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

குளிர்காலம் முழுக்க ஆர்வில் அடுப்படியில் ஈயம் உருக்கி ஊற்றினார். ஒனீட்டா அண்ணன் வீட்டுக்குப் போய்வரும்போதெல்லாம் சிரிப்பாள். "அண்ணி திட்டிக்கிட்டே இருக்காங்க. சோள ரொட்டி சுடுற சட்டி பூரா ஈயமாம். நீங்க சொன்ன அளவுதான் வேணும்னு அண்ணன் ஒத்தக் கால்ல நிக்குது." வெர்லின் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவான். வென்ற கறியில் பாதியை ஆர்வில் வீட்டோடு சேர்ந்துதான் சாப்பிட்டார்கள். ஆர்வில் எலும்பை உறிஞ்சிக்கொண்டே "அடுத்த வருசம் நம்ம வீட்டுல" என்பார். சொல்லிவிடலாம் என்று வெர்லினுக்கு ஒவ்வொரு முறையும் தோன்றும். அதற்குள் மோர் வரும், பேச்சு மாறும், எழுந்து கை கழுவிவிடுவான்.

பனி உருகியதும் சனிக்கிழமைகளில் சுட்டுப் பழக எல்லாரும் கூடினார்கள். ஆர்வில் குண்டைக் குழலின் வாயில் வைத்துத் துணியோடு அழுத்தினார். அது லேசில் இறங்கவில்லை. கம்பை இரண்டு கையாலும் பிடித்து எக்கி எக்கித் தள்ளினார். முகம் சிவந்தது. "இறுக்கமாத்தான் இருக்கு மாப்ள, நீ சொன்ன மாதிரியே!" என்று திரும்பிச் சிரித்தார். குண்டு அடிவரை போகவில்லை, பாதி வழியில் சிக்கி நிற்கிறது என்று வெளியே நீட்டியிருந்த கம்பின் நீளத்தைப் பார்த்ததுமே வெர்லினுக்குத் தெரிந்தது. மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே இடம் விட்டுச் சுட்டால் குழல் தாங்காது. "மச்சான், இருங்க" என்று எழுந்தான். குரல் வெளியே வருவதற்குள் அவர் படுத்துவிட்டார், விசையை இழுத்துவிட்டார்.

குழல் நடுவில் வாய் பிளந்தது. துப்பாக்கியின் மரக்கட்டை சிதறி அவர் இடது கையைக் கிழித்துப்போட்டது. கண் தப்பியது.

வெர்லின்தான் தன் பிக்கப்பில் அவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோனான். துண்டில் சுற்றிய கையை மடியில் வைத்துக்கொண்டு ஆர்வில் வழியெல்லாம் புலம்பினார்.

"நாந்தான் சரியாக் கெட்டிக்கல மாப்ள. உனக்குப் போகுது, எனக்குப் போகலன்னா என் கையிலதான கோளாறு? கிழவனாயிட்டேன். எங்க கொள்ளுத்தாத்தன் துப்பாக்கிடா அது. ஒடச்சுப்புட்டேனே."

வெர்லின் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டு பாதையையே பார்த்தான்.

தையல் பிரித்த பிறகும் இரண்டு விரல்கள் மடங்கவில்லை. ஊரில் ஆர்விலுக்கு வயதாகிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். அதை அவரே முதலில் சொல்லிச் சிரித்தது வெர்லினை அரித்தது. கடைசியில் ஒரு ஞாயிறு மதியம் தன் துப்பாக்கியைப் போர்வையில் சுற்றி எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனான். கொடுத்துவிடலாம், கொடுத்தால் கணக்குத் தீர்ந்துவிடும், எதையும் சொல்லவேண்டியதில்லை என்பதுதான் அவன் நினைப்பு.

ஆர்வில் சமையலறை மேசையில் உட்கார்ந்திருந்தார். உதவிக்கு வந்திருந்த ஒனீட்டா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"இது உங்களுக்குத்தான் மச்சான். வச்சுக்கங்க."

"என்னடா இது? கறி ஜெயிச்ச துப்பாக்கிய எவனாவது குடுப்பானா?" ஆர்விலுக்குக் கண் கலங்கிவிட்டது. "ஒனீட்டா, பாரு உன் புருசன. பைத்தியக்காரன்." நல்ல கையால் குழலைத் தடவினார். பிறகு சட்டென்று நினைவு வந்தவராய் எழுந்து அலமாரியிலிருந்து ஒரு தோல்பையை எடுத்தார். "குளிர் பூரா ஊத்துன குண்டு. எனக்குத்தான் ஒத்துவரல, இதுலயாவது போகட்டும்."

"அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம் மச்சான்."

"அட, இருடா."

துப்பாக்கியை நிமிர்த்தி ஒரு குண்டைக் குழலின் வாயில் போட்டார். அது ஓர் அங்குலம் உருண்டு டிக்கென்று நின்றது. கவிழ்த்தார், உள்ளங்கையில் விழுந்தது. திரும்பப் போட்டார். திரும்ப டிக். சுண்டுவிரலை உள்ளே விட்டு மெதுவாகச் சுற்றினார். விரலில் அந்தப் புதுக்குழலின் விளிம்பு தட்டியிருக்க வேண்டும். விரலை எடுக்காமல் அப்படியே இருந்தார். ஒனீட்டா குழாயை மூடிவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

"எப்பலேர்ந்து?" என்றார் ஆர்வில்.

"போன கோடையிலேர்ந்து."

"அப்ப எனக்குச் சொன்ன அளவு?"

வெர்லின் மேசையிலிருந்த தோல்பையை இழுத்து அதன் வாயைச் சுருக்கினான்.

"தொடை போனா போகுது. அத நானுந்தான் தின்னேன்." அவர் குரல் உயரவே இல்லை. "ஆசுபத்திரி போற வழி பூரா என்னைய நானே திட்டிக்கிட்டு வந்தேன். நீ பக்கத்துலதான உக்காந்திருந்த? காதுல விழுந்துச்சில்ல?"

"விழுந்துச்சு."

"கேட்டுக்கிட்டே வண்டி ஓட்டுன."

ஒனீட்டா ஈரக்கையை இடுப்பில் கட்டியிருந்த துணியில் துடைத்துக்கொண்டு, அவனைத் தாண்டி, அவன் வண்டியையும் தாண்டி, வீட்டுக்கு நடந்தே போனாள்.

"இத எடுத்துக்கிட்டுப் போ" என்றார் ஆர்வில். "சனிக்கிழமை எல்லாரும் இருப்பானுங்க. என்கிட்டச் சொல்ல வேணாம், அங்க சொல்லு."

சனிக்கிழமை வெர்லின் போனான். போகாமல் இருக்க உடம்பு எத்தனையோ சாக்குச் சொன்னது. நெருப்பைச் சுற்றி நின்றவர்கள் முன்னால் துப்பாக்கியைக் கீழே வைத்து, வெட்டுப்பல் முறிந்ததிலிருந்து ஆரம்பித்து, ஆர்விலுக்குச் சொன்ன பொய் வரை சொன்னான். நடுவில் யாரோ பழக்கதோஷத்தில், "அப்பக் காளை கிழடுதட்டித்தான் செத்திருக்கணும்" என்று ஆரம்பித்துவிட்டுத் தானே நிறுத்திக்கொண்டார்கள். போட்டியை நடத்துகிற ஹெர்ஷல் வான்ஸ் தொண்டையைச் செருமினார்.

"வர்றதுக்கு ஒன்னும் தடையில்ல வெர்லின். சுட மட்டும் வேணாம்."

அதட்டியிருந்தால் கூடத் தேவலை என்றிருந்தது. அன்று முழுக்க அவனிடம் யாரும் கடுமையாகப் பேசவில்லை. ஒருவரும் அவன் கண்ணைப் பார்த்தும் பேசவில்லை. பட்டறையில் பழுதுக்கு வந்திருந்த துப்பாக்கிகளை அடுத்தடுத்து வந்து வாங்கிக்கொண்டு போனார்கள். "அவசரமில்ல, நானே பாத்துக்கறேன்" என்பார்கள். ஒனீட்டா வீட்டில் சோறு போட்டாள், துணி துவைத்தாள். பேச்சு மட்டும் தேவைக்கு.

ஒரு நாள் அவளே சொன்னாள். "வெடிச்ச பக்கத்த அண்ணன் அறுத்துப் போட்டுடுச்சு. கட்டைக் குழலா ஆக்கிப் பள்ளம் வெட்டப் போகுதாம். ஒத்தக் கையால எப்படி இழுக்கும்? உங்களக் கூப்பிடாது."

"நான் போனா..."

"தொரத்துனா வந்துடுங்க. நடந்துதான வரணும், நானும் நடந்தவதான்."

ஆர்வில் கொட்டகையில் குழலைப் பலகையில் பூட்டிவைத்து, வெட்டுப்பல் பொருத்திய கம்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். நிழல் தட்டியதும் நிமிர்ந்தார். வெர்லின் வாசலிலேயே நின்றான். ஆர்வில் இன்னொரு தடவை கம்பை இழுத்துப் பார்த்துவிட்டு, "அந்தப் பக்கத்தப் புடி, வெர்லின்" என்றார். மாப்ள என்ற சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை.

ஆளுக்கொரு பக்கம் நின்று இழுத்தார்கள், தள்ளினார்கள். இரும்புத்தூள் எண்ணெயோடு கறுப்பாக வழிந்தது. மடங்காத விரல்கள் கம்பில் நீட்டிக்கொண்டிருந்ததைப் பார்க்காமலிருக்க வெர்லின் எவ்வளவு முயன்றும் கண் அங்கேயே போனது. மதியம் தாண்டி ஆர்வில் குழலைக் கழற்றித் துடைத்து, சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு அவனிடம் நீட்டினார்.

"பாத்துச் சொல்லு."

வெர்லின் கண்ணை வைத்தான். பளபளப்பான பள்ளங்கள் சுருண்டு சுருண்டு ஓடின. நடுவில் ஓரிடத்தில் மட்டும் மங்கலாக இருந்தது. ஆர்வில் ஒரு கையால் பாடுபட்ட வேலை. நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிடுவது சுலபம்.

"நடுவுல ஆழம் பத்தல மச்சான். ஆரம்பத்துலேர்ந்து இன்னொருக்க வெட்டணும்."

"எனக்கும் அப்படித்தான் தெரிஞ்சுது" என்று சொல்லிவிட்டு, ஆர்வில் குழலை வாங்கித் திரும்பப் பலகையில் பூட்டினார்.