இடது கை வளையல்கள்

அருணகிரி பிடித்து முறுக்கியது வேதாவின் இடது கையை. அவள் இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். அவன் அந்தக் கையைச் சுவரில் ஓங்கி அடித்தான். கண்ணாடி வளையல்கள் மொத்தமும் நொறுங்கி மணிக்கட்டைக் கிழித்தன. அவள் செய்த குற்றம், சிரித்தது.

சனிக்கிழமை சாயங்காலம் புருஷனும் பெண்டாட்டியும் பாயில் உட்கார்ந்து, மறுநாள் நடக்கப்போகிற குமாஸ்தா பரீட்சைக்கு இங்கிலீஷ் மரபுத்தொடர்களைப் படித்துக்கொண்டிருந்தார்கள். நாலு விடையில் சரியானதை எடுக்க வேண்டும். மழை கொட்டுவதை வெள்ளைக்காரன் எப்படிச் சொல்வான்? ஆடும் மாடுமாக என்று அருணகிரி டிக் அடித்தான். பூனையும் நாயுமாக என்றாள் வேதா.

"பூனை எங்கடி வானத்துலேர்ந்து வுழும்?"

"மாடு மட்டும் வுழுமா?" என்று கேட்டுச் சிரித்துத் தொலைத்தாள். அதற்குத்தான் இந்தப் பூசை.

ரேஷன் கடையில் எடை போடுகிற அருணகிரிக்கு இந்தப் பரீட்சை ஏற்கெனவே இரண்டு முறை கைவிட்டுப் போயிருந்தது. இரண்டு முறையும் இந்தப் பூனை நாய்ப் பகுதிதான் காலை வாரியது. இந்த வருஷம் பெண்டாட்டிக்கும் சேர்த்து மனுப் போட்டான். பாசம் ஒன்றும் பொங்கி வழியவில்லை. இரண்டு மனுவையும் ஒரே கவரில் அனுப்பினால் நம்பர் அடுத்தடுத்து வரும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள், அப்படியே வந்தது. முன்னால் அவள், பின்னால் அவன். விடை ஏ என்றால் அவள் இடது கை வளையலை ஒரு தடவை குலுக்க வேண்டும், பி என்றால் இரண்டு. வலது கை எழுதும்போதே குலுங்கும் என்று அதிலிருந்த வளையல்களைக் கழற்ற வைத்ததும் அவன்தான்.

வேதாவுக்கு வேறு கணக்கு இருந்தது. பாஸ் செய்து எந்த ஊரில் வேலை போட்டாலும் போய்விடுவது; திரும்பி வராமலே இருந்துவிடுவது. அதை அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை.

அடித்த கைக்கு விடிந்த பிறகுதான் புத்தி வந்தது. குலுக்க வளையல் ஏது? கோயில் கோபுரத்துக்குப் பக்கத்தில் வளையல் விற்கிற எல்லம்மாள் கடை விரிப்பதற்குள் வேதாவை இழுத்துக்கொண்டு போய் நின்றான். எல்லம்மாள் சோப்புப் போட்டு, விரல்களைக் குவித்துப் பார்த்தாள். கை பூசணிக்காயாக வீங்கிக் கிடந்தது.

"இருக்கறதுலயே பெரிய சைஸா போடு" என்றான்.

அதை அழுத்தியதும் வேதா அலறிவிட்டாள். எல்லம்மாள் வளையலைக் கீழே வைத்தாள். "ஏம்பா, பொண்ணு கையா, வெறவுக் கட்டையா? மொதல்ல ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போ."

ஆஸ்பத்திரிக்கு எங்கே போவது, பரீட்சைக்குத்தான் போனார்கள். பள்ளிக்கூட வாசலில் அவன் அவள் காதருகே குனிந்தான். "பேனாவால பெஞ்சுல தட்டு. தட்டல, ஊட்டுக்கு உசுரோட வர மாட்ட."

சொன்னால் செய்கிறவன்தான்.

இங்கிலீஷ் பகுதி வந்ததும் பின்னாலிருந்து இருமல் கேட்டது. முதல் கேள்விக்கு விடை பி. தட்டுவதற்காகப் பேனாவைத் தூக்கிவிட்டாள். மடியில் கிடந்த கை விண்விண் என்று தெறித்தது. இந்தக் கையை உடைத்தவனுக்கு இந்தக் கையே சம்பாதித்துப் போட வேண்டுமா? பேனாவைத் தாளில் இறக்கி டிக் அடித்தாள்.

மறுபடி இருமல். பிறகு பெஞ்சில் ஓர் உதை. பேனா கோணியது. அடுத்த கேள்விக்கும் அவள் தட்டவில்லை. அடுத்த உதை இடுப்பெலும்பில் விழுந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அவள் மூன்றாவதைப் படிக்கும்போது பின்னலைப் பிடித்திழுத்து, முகத்தை மேஜையில் மோதினான்.

"தட்டுடீ!"

ஹாலே எழுந்துவிட்டது. சூப்பர்வைசரும் பியூனும் ஆளுக்கொரு கையைப் பிடித்து அவனை வெளியே தள்ளினார்கள். "வெளிய வருவ இல்ல, வா!" என்ற சத்தம் வராந்தா முழுக்கப் போய், கேட்டில் நின்றது.

"எழுதுறியாம்மா?" என்றார் சூப்பர்வைசர்.

வேதா மூக்கு ரத்தத்தை முந்தானையில் துடைத்தாள். ஜன்னலுக்கு வெளியே, தூரத்து மலையை மறைத்துக்கொண்டு, கேட்டைப் பிடித்தபடி அவன் நின்றான். மேலே மின்விசிறி சுற்ற விடைத்தாள் படபடத்தது. வீங்கிய கையைத் தூக்கி அதன்மேல் பாரமாக வைத்துக்கொண்டு, நாலாவது கேள்வியைப் படிக்கத் தொடங்கினாள்.