கூண்டுப் பானை

திருமயம் சுற்றுவட்டாரத்தில் சாவு விழுந்த எந்தக் கேத வீட்டிலும் அமராவதி கால் வைத்துவிட்டால் மற்றப் பெண்கள் வாயைத் திறக்க மாட்டார்கள். எது முன்னே, எது பின்னே என்று அவளுக்குத்தான் தெரியும். கூடப்பிறந்த தம்பி எழிலரசன் நாற்பத்திரண்டு வயதில், வேலை பார்த்த கடையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தபோதும், அழுதுகொண்டே அதிகாரம் பண்ணினாள்.

பதினாறாம் நாள் கருமாதி. வீட்டைக் கழுவிவிட்டு, புழங்கிய மண்பானை அத்தனையையும் ஊரணிக்கரையில் கொண்டுபோய்ப் போட வேண்டும். ஒன்று மிஞ்சினாலும் போனவர் தண்ணீர் தேடி அந்தப் பானைக்கே திரும்பி வருவார் என்பது அவர்கள் நம்பிக்கை. தம்பி அலையக் கூடாது, நிம்மதியாகப் போய்ச் சேர வேண்டும். அமராவதிக்கு அந்த ஒரு நினைப்புதான்.

மீன்சட்டி, தண்ணீர்ப்பானை, மோர்க்கலயம் என்று அள்ளிக்கொண்டு கொல்லைப்பக்கம் வந்தவள், தம்பி வளர்த்த லவ் பேர்ட்ஸ் கூண்டுக்குள் ஒரு குட்டிப் பானை தொங்குவதைப் பார்த்தாள். பக்கவாட்டில் ஓட்டை போட்ட பானை. மண்பானை என்றால் மண்பானைதானே. கட்டுக்கம்பியை அவிழ்த்து வெளியே இழுத்தாள். உள்ளேயிருந்து பச்சைக் குருவி ஒன்று கத்திக்கொண்டு பாய்ந்து கூண்டில் மோதியது. அமராவதி பானைக்குள் எட்டிப் பார்க்கவில்லை. அவ்வளவு அவசரம்.

மறுநாள் காலையில் தினை போடப் போன தம்பி மனைவி சிவரஞ்சனி வெறும் கையோடு திரும்பி வந்து நின்றாள்.

“மதினி, கூண்டுல இருந்த பானை எங்க?”

“அதையும் சேத்துத்தான் போட்டேன். வச்சிருக்கக் கூடாதுல்ல.”

“அதுல நாலு முட்டை இருந்துச்சு மதினி. அவுக போறதுக்கு மொத நாள்தான் டார்ச் அடிச்சு மொத முட்டையக் காட்டுனாக. பதினெட்டு நாள்ல பொரிச்சிரும்னாக. மிச்ச மூணும் அதுக்கப்புறம் வச்சது.”

பன்னிரண்டு வருஷமாகப் பிள்ளையில்லாத வீடு அது. அமராவதி மனதுக்குள் நாட்களை எண்ணிப் பார்த்தாள். முதல் குஞ்சு இன்றோ நாளையோ வந்திருக்கும். ஓடிப்போய் எடுத்து வந்துவிடலாம். ஆனால் கேத வீட்டிலிருந்து போட்டதைத் திரும்பிக்கூடப் பார்க்கக் கூடாது என்று ஊருக்கெல்லாம் சொன்னவள் அவள். காலைக் கட்டிப்போட்டதுபோல உட்கார்ந்துவிட்டாள்.

அன்று மத்தியானம் தண்ணீர்க் குடத்துக்குள் கீச்சென்று ஒரு சத்தம் கேட்டது. குனிந்து பார்த்தாள். தண்ணீர்தான் இருந்தது. மறுநாள் அரிசி டிரம்முக்குள் கேட்டது. மூடியைத் திறந்து முழங்கை வரை துழாவினாள், அரிசிதான் இருந்தது. கொல்லைப்பக்கம் போனால் பெட்டைக்குருவி பானை தொங்கிய வெற்றுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே ஒட்டியிருந்தது. போட்ட தினை போட்டபடி கிடந்தது. அதன் ஜோடியான சேவல்குருவியும் வாயைத் திறக்கவில்லை.

நான்காம் நாள் அமராவதியால் தாங்க முடியவில்லை. உச்சிவெயிலில் ஒருவரும் பார்க்காத நேரமாக ஊரணிக்குப் போனாள். மற்றப் பானைகளெல்லாம் ஓடு ஓடாகக் கிடந்தன. அந்தக் குட்டிப் பானை மட்டும் புல்லில் சாய்ந்து, முழுசாக, வாயை அவள் பக்கம் காட்டிக்கொண்டு இருந்தது. விரலை விட்டாள். நாலு முட்டை. அதில் ஒன்றில் உள்ளேயிருந்து கொத்திய விரிசல்.

வெயில் சூட்டில் அது வெளியே வரப் பார்த்திருக்கிறது. வர முடியாமல் அது கூப்பிட்ட கீச்சுதான் வீட்டுக் குடத்தில் கேட்டது என்று அவளுக்குப் பட்டது. அமராவதி கரையிலேயே உட்கார்ந்து, தம்பிக்குக்கூட அப்படி அழாதவள், வாய்விட்டு அழுதாள். கையாலேயே மண்ணைப் பறித்து நாலையும் மூடினாள். பிறகு பானையைக் கழுவி முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, வாழ்நாளில் யாரையும் செய்யவிடாத காரியத்தைச் செய்தாள். கேத வீட்டுப் பானையைக் கேத வீட்டுக்கே திரும்பக் கொண்டுவந்தாள்.

சிவரஞ்சனி பானையையும் அவள் முகத்தையும் பார்த்தாள்.

“முட்டை?”

“இல்ல ரஞ்சனி.”

“இது வீட்டுக்குள்ள வரலாமா மதினி?”

“பெட்டை எங்கிட்டுத்தான் போகும்? கட்டு.”

கட்டிய கையை எடுப்பதற்குள் பெட்டை உள்ளே நுழைந்துவிட்டது.

சாயங்காலம் ஆறு மணிக்குச் சீட்டிச் சத்தம் கேட்டது. குட்டையாக இரண்டு, நீளமாக ஒன்று. எழிலரசன் கடையிலிருந்து வந்து, பைக்கை விட்டு இறங்காமலே, கேட்டைத் திறக்கச் சொல்லி அடிக்கிற சீட்டி. மாட்டையா ஓட்டிக்கொண்டு வருகிறாய் என்று அமராவதி சின்ன வயசிலிருந்து திட்டிய அதே சீட்டி. அடுப்படியில் சிவரஞ்சனி கையிலிருந்த கரண்டி விழுந்தது.

மறுபடியும் அடித்தது. இந்தத் தடவை அமராவதி பார்த்துவிட்டாள். கூண்டில் சேவலின் தொண்டை புடைத்து அடங்கியது. மூன்று மாதமாகத் தம்பி தினமும் கூண்டு முன்னால் நின்று சொல்லிக்கொடுத்த சீட்டி அது. அவன் இருந்தவரை அந்தக் குருவி ஒரு தடவையும் திருப்பிச் சொன்னதில்லை.

“குருவிதான் மதினி,” என்றாள் சிவரஞ்சனி. அவள் குரல் அவளுக்கே நம்பிக்கையில்லாமல் வந்தது.

“தெரியும்.”

மூன்றாவது முறை அடித்தபோது அமராவதி எழுந்தாள். பானையெல்லாம் பொறுக்கிப் போட்டு அவனைத் திரும்பி வராதே என்று அனுப்பி வைத்தவள், வாசலுக்குப் போய்த் தாழ்ப்பாளை நீக்கிக் கேட்டின் இரண்டு கதவையும் விரியத் திறந்தாள்.

“வாடா,” என்றாள், “தெறந்துதான் இருக்கு.”