அடியில் இன்னும் நீலம்

"இன்னொரு தடவை சூடு பண்ணி எடை போடணும் சார்" என்றேன்.

இந்தச் சோதனைக்கூடத்தில் கேட்கவே கூடாதது அது. வேலைக்குச் சேர்த்துவிட்ட மாமா முதல் நாளே வாசலில் நிறுத்திச் சொல்லியிருந்தார்: பெரியவர் போட்ட எடையை மறுபடி போடச் சொல்லாதே, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன். பெரியவர் என்றால் தலைமை வேதியியலாளர். மூட்டை தூக்குகிறவர்கள் அவருக்கு வைத்த பெயர் முப்பத்தாறு. பயிருக்கு அடிக்கும் நீல உப்பான மயில்துத்தத்தில் எந்த மூட்டையைக் கொடுத்தாலும் நீர் முப்பத்தாறு சதவீதம் என்பார். புத்தகத்திலும் அதுதான். படிகத்துக்குள் கட்டுண்ட நீர் சூட்டில் போய்விடும். குறைந்த எடையை வைத்து நீரைக் கணக்கிடலாம். மூட்டை நனைந்திருந்தால் முப்பத்தாறைத் தாண்டும். அதைக் கண்டுபிடிக்கத்தானே சோதனை?

எடை இனிக் குறையாது என்று ஆகும்வரை சூடாக்க வேண்டும். இவர் மயில்துத்தம் போட்டுச் சூடாக்கும் பீங்கான் மூசையை எடுத்து எடுத்து எடை போட்டுப் பார்ப்பார். முப்பத்தாறு வந்ததும் அடுப்பை அணைத்துவிடுவார். இன்று நான் கிளறிப் பார்த்தேன். மேலே வெளுத்திருந்தது. அடியில் இன்னும் நீலம். நீலம் என்றால் உள்ளே நீர் இருக்கிறது.

"விடைதான் சரியா வந்திருக்கே பாப்பா. வந்ததை எதுக்குக் கெடுக்கணும்?"

"விடை வந்ததும் நிறுத்தினா எல்லாமே சரியாத்தான் சார் வரும்."

அவர் சிரித்துவிட்டு மாமாவைக் கூப்பிட்டு அனுப்பினார். மாமா கிடங்கிலிருந்து ஓடி வந்தார். நம் வீட்டில் முதல் பட்டம் உன்னுடையது, உன் அம்மா தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள் என்று ஆரம்பித்தார். எல்லாம் உண்மைதான். அவர் பேசப் பேச நான் மூசையை மறுபடி அடுப்பில் வைத்தேன். ஆறவைத்து எடை போட்டேன். மீண்டும் சூடாக்கினேன், மீண்டும் போட்டேன். தராசு அசையவில்லை. நீர் நாற்பத்து மூன்று சதவீதம்.

கிடங்குக் கூரை ஒழுகுவது எல்லோருக்கும் தெரியும். விவசாயி இதை நிறுத்துக் கரைத்து இலையில் அடிப்பான். மருந்து போதாமல் இலை அழுகும். அளவு தப்பியது தன்னால்தான் என்று அவன் தன்னையே திட்டிக்கொள்வான்.

"முப்பத்தாறுன்னு அறிக்கையில கையெழுத்தைப் போட்டுடும்மா" என்றார் மாமா, மூசையைப் பார்க்காமல்.

"உங்க வயலா இருந்தா இதை அடிப்பீங்களா மாமா?"

பெரியவர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். "போடலைன்னா நாளைக்கு வர வேண்டாம்."

"நாளைக்கு வர்றேன்னு நான் சொல்லவே இல்லையே சார்."

வெள்ளை அங்கியைக் கழற்றி மேசையில் போட்டுவிட்டு முற்றத்தில் இறங்கினேன். மாமா பின்னாலேயே வந்து, வாசல் அந்தப் பக்கம் என்று கத்தினார். எனக்குத் தெரியும். நான் முற்றத்தில் நின்ற லாரியை நோக்கித்தான் நடந்தேன். சரக்கு எடுக்க வந்த விவசாயி மூட்டைகளின் மேல் ஏறி நின்று, கயிற்றின் ஒரு முனையைப் பல்லில் கடித்தபடி, தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்.