முதல் லிட்டர்

பெயிண்டரின் மச்சினனுக்கு வாய் கொஞ்சம் நீளம். அக்கா புருஷனிடமே கூலிக்கு வேலை பார்த்துக்கொண்டு, நாள் முழுக்க அவரையே கிண்டலடிப்பான். அதிலும் அந்த நீல டிரம் கண்ணில் பட்டுவிட்டால் கேட்கவே வேண்டாம்.

"என்ன மாமா, கடவுளுக்கு ஊத்தியாச்சா? வயிறு நிறைஞ்சுதா?"

பெயிண்டர் சிரித்துக்கொள்வார். சம்பாத்தியத்தில் பத்தில் ஒரு பங்கு, தசமபாகம், தேவாலயத்துக்கு என்கிறது வேதாகமம். பணமாகக் கொடுப்பவர்கள் கொடுக்கட்டும், இவர் வழி வேறு. பெயிண்ட்டையும் சேர்த்துத்தான் வேலை பேசுவார். பத்து லிட்டர் வாங்கினால், சுவரில் ஒரு சொட்டு படுவதற்கு முன்பே முதல் லிட்டர் டிரம்முக்குப் போய்விடும். வேலை முடிகிற நேரத்தில் குறைகிற அந்த ஒரு லிட்டரைத் தன் கூலியிலிருந்து வாங்கி அடிப்பார். "மிச்சம் மீதியக் குடுத்தா அதுக்குப் பேரு பங்கா?" என்பார். கடைக்கு ஓடி அதைத் தூக்கி வருவது மச்சினன். போகும்போதும் வரும்போதும் முணுமுணுப்பான்.

ஒன்றரை வருஷத்தில் டிரம் நிறைந்தது. அந்த நல்ல மனுஷன் ஒரு அசட்டுத்தனமும் செய்திருந்தார். எல்லா வீட்டு நிறத்தையும் ஒரே டிரம்மில் ஊற்றியிருந்தார். நிறம் பார்த்தே பிழைக்கிறவருக்கு இது தோன்றவில்லையா என்றால், தோன்றவில்லைதான். கொடுத்த பிறகு இது யார் வீட்டுப் பங்கு என்று பிரித்துப் பார்க்க அவருக்கு மனசு வரவில்லை.

சனிக்கிழமை காலை, அதைச் சுவருக்கு அடிப்பதற்காக ஆலயத்துப் பெஞ்சுகளை நடுவில் தள்ளி, பழைய துணிகளால் மூடியிருந்தார்கள். போதகரும் சபைப் பொருளாளரும் பக்கத்தில் நிற்க, மச்சினன் டிரம் மூடியைத் திறந்தான். கடைசியாக ஊற்றியது இன்னும் கலக்காமல் மேலே பச்சையாக நின்றது.

பொருளாளர் குனிந்து பார்த்தார். அவர் முகம் மாறியது.

"இது போன மாசம் என் ஹாலுக்கு அடிச்ச பச்சையாச்சே? ஓஹோ, எங்க டின்ல இருந்து எடுத்துத்தான் இத்தனை நாளா தசமபாகமா?"

போதகர் பதறிப்போய்ப் பெயிண்டரைப் பார்த்தார். "அப்படி இருக்காது. நீங்க சொல்லுங்க தம்பி."

பெயிண்டர் தலையைக் குனிந்துகொண்டார். கொடுப்பதை ஊரறியச் சொன்னால் அது காணிக்கை இல்லை என்பது அவர் பிடிவாதம். திருட்டுப்பட்டம் வந்தாலும் சொல்வதாயில்லை.

"வாயத் திறக்க மாட்டேங்கிறார் பாருங்க! களவுப்பொருள் ஆலயத்துச் சுவர்ல ஏறக்கூடாது ஐயா. வெளிய கொட்டச் சொல்லுங்க" என்றார் பொருளாளர்.

பெயிண்டர் டிரம்மின் விளிம்பைப் பிடித்து வாசல் பக்கம் இழுத்தார். ஒன்றரை வருஷ உழைப்பு சாக்கடைக்குப் போகிறது. மச்சினனுக்குப் பொறுக்கவில்லை. குறுக்கே போய் நின்றான்.

"நில்லுங்க மாமா! சார், உங்க ஹாலுக்குக் குறைஞ்ச ஒரு லிட்டர மழையில நனைஞ்சுக்கிட்டு வாங்கிட்டு வந்தது நான். காசு அவரு கூலி. அந்த வாரம் எங்க அக்காவுக்குச் செருப்பு வாங்கித் தரேன்னிருந்தாரு, வாங்கல. ஒவ்வொரு வீட்டுக்கும் இதே கதைதான். போய் உங்க சுவரப் பாருங்க, எங்கயாச்சும் ஒரு இடம் வெளுத்திருந்தா என்னைச் செருப்பால அடிங்க!"

பொருளாளருக்கு முகம் சுண்டிப்போனது. பிறகு வெள்ளைச் சட்டையென்றும் பார்க்காமல் வந்து டிரம்மின் மறுபக்கத்தைப் பிடித்து உள்ளே நகர்த்தினார். கட்டையை எடுத்து அவரே கலக்கினார். பச்சை உள்ளே போய், ஈரமண் நிறம் ஒன்று மேலே வந்தது. எந்தக் கடை நிற அட்டையிலும் இல்லாத நிறம். போதகர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நன்றாகத்தான் இருக்கிறது என்றார்.

அவர்கள் போனதும் பெயிண்டர் மச்சினனிடம் திரும்பினார். இத்தனை வருஷத்தில் அவர் அப்படிக் கோபப்பட்டு அவன் பார்த்ததில்லை.

"உன்னை யாருடா சொல்லச் சொன்னா? மேல இருக்கிறவருக்குத் தெரிஞ்சாப் போதாதா?"

"அவருக்குப் போதும் மாமா," என்றான். "எனக்குப் போதல."

பெயிண்டர் கலக்கின பெயிண்ட்டில் பிரஷ்ஷைத் தோய்த்து அவன் கையில் கொடுத்தார். பிறகு ஏணியை அவன் பக்கம் நகர்த்தி வைத்தார்.