நான்காவது பெயருக்கு எதிரே

1994ஆம் ஆண்டு ஏப்ரல் 22ஆம் நாள், வெள்ளிக்கிழமை, பிஷீரின் தந்தையாரை அவருடைய சொந்த ஊரார் வணிகராக ஆக்கிவிட்டார்கள். பிஷீரின் மனக்குறை இதுதான். இதைத் தவிர வேறில்லை. தந்தையார் ஹம்ஸா, கெய்ரோவில் பாஷாப் பட்டம் பெற்ற ஒரு பிரபுவின் மாளிகையில் நாற்பத்தோராண்டு சமையற்காரராக இருந்தவர். உயிரோடிருந்தவரை எவரும் அவரை வணிகர் என்று அழைத்ததில்லை. அவர் மறைந்து முப்பதாண்டு கழித்து, ஊர் மண்டபத்துப் பளிங்குப் பலகையில் அப்படி வெட்டி வைத்தார்கள்.

தெற்கே நூபியாவிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள், 1926இல், கெய்ரோவின் ஆப்தீன் பகுதியில் ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில் அமைத்த மண்டபம் அது. ஊர் பின்னாளில் அணைநீருக்குள் போய்விட்டது, மண்டபம் மிஞ்சியது. திருமணம், துக்கம், பெருநாள் விருந்து எல்லாம் அங்கேதான். நிறுவியவர்கள் எழுவர்: சமையற்காரர் இருவர், வாயிற்காவலர் மூவர், சலவைக்காரர் ஒருவர், மேசையில் பரிமாறுபவர் ஒருவர். அவர்கள் முதல் நாளே ஒரு வழக்கத்தை வகுத்தார்கள். கூலிக்குப் பரிமாறுபவர் எவரும் உள்ளே வரலாகாது. தாம்பாளம் அடுக்களை வாசலுக்கு வந்ததும் அருகிலிருப்பவர் எழுந்து வாங்க வேண்டும். அவரிடமிருந்து அடுத்தவர், அவரிடமிருந்து அதற்கடுத்தவர். வங்கி அதிகாரியாக உயர்ந்தவரும் கைநீட்டியே ஆக வேண்டும். வாரம் முழுவதும் பிறருடைய மேசையருகே நின்று கால் வீங்கியவர்கள் செய்துகொண்ட ஏற்பாடு அது.

இப்போதைய தலைவர் முஹியித்தீன், பிஷீரின் தங்கை மகன், பொறியாளர். மண்டபத்தின் வரலாற்றைத் தாமே எழுதி, நிறுவியவர்களின் பெயரையும் தொழிலையும் பளிங்குப் பலகையில் பொறிக்க ஏற்பாடு செய்தவரும் அவரே. எழுவரும் வணிகராகவும் எழுத்தராகவும் மாறியிருந்ததைக் கையெழுத்துப்படியிலேயே பார்த்துவிட்ட பிஷீர் மூன்று கடிதங்கள் எழுதினார். எழுபத்தெட்டு வயதில், வலிக்கும் முழங்காலோடு, மூன்று முறையும் மாடியேறி மருமகன் கையிலேயே கொடுத்தார். மூன்றாம் முறைதான் அவர் வாய் திறந்தார்.

"தாத்தா சந்தையில பேரம் பேசி வாங்கினாரில்ல மாமா? அதுவும் வியாபாரந்தானே?"

"வாங்கினதெல்லாம் எசமான் வீட்டு அடுப்புக்குடா. அவர் எதையும் வித்ததில்ல."

"என் மகளைப் பொண்ணு பார்க்க வர்றவங்க அந்தப் பலகையத்தான் முதல்ல படிப்பாங்க. அதையும் கொஞ்சம் யோசிங்க."

பிஷீர் யோசித்தார். அவரே ஓர் ஓட்டலில் முப்பத்தெட்டாண்டு பரிமாறியவர். அது தெரிந்தேதான் மாப்பிள்ளை வீட்டார் அவருடைய மகள்கள் மூவரையும் அதே மண்டபத்தில் மணமுடித்துக்கொண்டு போனார்கள். இதைச் சொல்ல வாயெடுத்தவர், இறங்க வேண்டிய படிகளை நினைத்துக்கொண்டு எழுந்து இறங்கிவிட்டார்.

திறப்பு விழாவுக்கு ஆளுநர் அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். அவருக்காக, அறுபத்தெட்டாண்டு வழக்கத்தை மீறி, வெளியிலிருந்து பத்துப் பரிமாறுநர்களைக் கூலிக்கு அமர்த்தியிருந்தார்கள். எல்லாருக்கும் வெள்ளைக் கையுறை. பக்கத்து நாற்காலியிலிருந்த முன்னாள் வாயிற்காவலர் தஹப், "நம்மளத் தொட்டா ஏதாச்சும் ஒட்டிக்கும்னு பயமோ?" என்று காதோரம் கேட்டார். பிஷீருக்குச் சிரிப்பு வரவில்லை.

பச்சைத் துணியை விலக்கினார்கள். முஹியித்தீன் பெயர்களை உரக்கப் படித்தார். நான்காவதாக, "ஹம்ஸா, வணிகர்" என்றார். கை தட்டினார்கள். பிறகு உணவு வந்தது.

முதல் தாம்பாளம் வாசலில் தெரிந்ததுதான் தாமதம். எண்பது கிழவர்கள் ஒன்றாக எழுந்துவிட்டார்கள். எவரும் திட்டமிடவில்லை, எழுந்த பிறகுதான் எழுந்தது தெரிந்தது. தமக்குத்தான் மரியாதை செய்கிறார்கள் என்றெண்ணி அதிகாரியும் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு எழுந்து நின்றார். கையுறைக்காரர் தாம்பாளத்தை விடமாட்டேன் என்று இழுக்க, தஹப் கொடுத்தால்தான் ஆயிற்று என்று இழுக்க, ஆட்டிறைச்சி ஒரு பக்கமாகச் சரிந்தது. இறுதியில் கையுறைக்காரர்களே தோற்றார்கள். ஒரு துளி சிந்தாமல், தாம்பாளங்கள் ஒவ்வொன்றாகக் கைமாறித் தலைமேசைக்குச் சென்றன.

அதிகாரிக்கு வியப்பு. முன்வரிசையில் நின்ற பிஷீர் பக்கம் திரும்பி, இவ்வளவு நேர்த்தியாகப் பரிமாற எங்கே பழகினீர்கள் என்று கேட்டார்.

"அடுத்தவங்க வீட்லதான் ஐயா. எங்க அப்பா சமையக்காரர். நாலாவது பேரு."

அதிகாரி பலகையை நிமிர்ந்து பார்த்தார். வணிகர் என்றல்லவா இருக்கிறது என்று பணிவாகவே சொன்னார். பிஷீர் மறுமொழி கூறுமுன் முஹியித்தீன் அதிகாரி பக்கம் குனிந்தார்.

"மாமாவுக்கு வயசாயிட்டுது ஐயா. ஞாபகம் அப்பப்ப தடுமாறும்."

அவ்வரிசையில் இருந்த அனைவருக்கும் அது கேட்டது. ஹம்ஸாவின் கையால் உண்டவர்கள் அவர்களுள் பலர். தஹப் தம் தட்டைப் பார்த்துக்கொண்டார். மற்றவர்கள் ரொட்டியைப் பிய்த்தார்கள். தாம்பாளத்துக்காகச் சற்றுமுன் துள்ளியெழுந்த எண்பது பேரில் ஒருவரும் இதற்காக எழவில்லை. பிஷீர் அமர்ந்தார். கோபம் வந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும், வந்தது அசதிதான்.

மறுவாரம், மண்டபத்தார் எழுதிய விழா நிகழ்ச்சிக் குறிப்பைத் தஹப் கொண்டுவந்து காட்டினார். பலகையைக் கண்டு மூத்த உறுப்பினர் பிஷீர் நெகிழ்ந்து பேசினார் என்று எழுதியிருந்தது. தஹப், "அன்னைக்கு நான் பேசியிருக்கணும்" என்றார். பிஷீர் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். நான்காவது கடிதத்தைத் தொடங்கி இரண்டு வரியோடு நிறுத்திவிட்டார். அதைக் கொண்டுபோய்க் கொடுக்க இனி அந்தப் படிகளில் ஏற முடியாது.

உங்களால் முடியும். ஒரு திருமணத்துக்கோ துக்கத்துக்கோ அந்த மண்டபத்துக்குப் போக நேர்ந்தால், உண்ண உட்காருமுன் பலகையருகே செல்லுங்கள். நான்காவது பெயருக்கு எதிரே பொய்யாக ஒரு சொல் இருக்கும். அதைப் படிக்காதீர்கள். பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்கும்படி, "ஹம்ஸா, சமையற்காரர்" என்று சொல்லுங்கள்.