வலப்பக்கத்து இதயம்

அந்த ஆஸ்பத்திரியில் அவளை எல்லோரும் எக்ஸ்ரே அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பதினெட்டு வருஷமாகப் படம் எடுப்பவள். அப்படிப்பட்டவள் போன வாரம் ஒரு கைப்படத்தில் இடது, வலது என்று காட்டும் எழுத்தை மாற்றி வைத்துவிட்டு, பெரிய டாக்டரிடம் எல்லோர் முன்னாலும் வாங்கிக் கட்டிக்கொண்டாள். அந்தச் சூடு இன்னும் ஆறவில்லை.

அந்த நேரம் பார்த்து, வேலைக்கான உடல் சோதனைக்கு ஒரு பஸ் டிரைவர் வந்தார். நெஞ்சைப் படம் எடுத்தாள். திரையில், எழுத்துப்படி பார்த்தால் இதயம் வலப்பக்கம் இருந்தது. 'போச்சு, மறுபடியும் மாத்தி வச்சுட்டேன்!'

டிரைவர் சட்டையை மாட்டிக்கொண்டே சொன்னார்: "எனக்கு நெஞ்சு வலது பக்கம்தாம்மா துடிக்கும். வீட்டுக்காரிகூடக் கிண்டல் பண்ணுவா."

"அப்படித் தோணும்ணே. அடுத்த ஆளை வரச் சொல்லுங்க."

இன்னொரு படம் எடுத்திருந்தால் இரண்டு நிமிஷத்தில் தெரிந்திருக்கும். எடுத்தால் கணக்கில் ஏறும். ஏன் என்று பெரிய டாக்டர் கேட்பார். கணினியில் படத்தைத் திருப்பி, எழுத்தையும் மாற்றி அனுப்பிவிட்டாள்.

பத்தாம் நாள் டிரைவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து படுத்தார். வலி அடிவயிற்றின் இடப்பக்கம். குடல்வால் இருப்பது வலப்பக்கம் என்பதால் யாரும் அதைச் சந்தேகிக்கவில்லை. பழைய படத்திலும் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. ஊசி போட்டுக் காத்திருந்தார்கள். மறுநாள் குடல்வால் வெடித்துவிட்டது. அவசரமாக வயிற்றைத் திறந்தபோதுதான் அவருக்கு உள்ளுறுப்புகள் எல்லாமே பக்கம் மாறி இருப்பது தெரிந்தது.

சர்ஜன் அவளைத் தேடி வந்தார். "அக்கா, இந்தப் படத்துல எழுத்து மாறிப்போச்சா?"

ஆமாம் என்றிருந்தால் கைத்தவறு என்று போயிருக்கும்.

"எழுத்து சரியாத்தான் இருந்துச்சு டாக்டர். திட்டு வாங்கப் பயந்து நான்தான் திருப்பிப் போட்டேன்."

அவர் திரும்பி நடந்தார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

டிரைவர் பிழைத்துக்கொண்டார். கண் விழித்த மறுநாள் அவர் கட்டிலருகே போய் நடந்ததை மறைக்காமல் சொன்னாள். அவர் மனைவி மெல்லக் கேட்டாள்: "இவர் அப்பவே சொன்னாரா?"

"சொன்னார்மா. நான் காதுல வாங்கல."

மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். டிரைவர்தான் சிரமப்பட்டுக் காலைச் சற்று ஒதுக்கினார். "நிக்காதீங்கம்மா, உக்காருங்க."

அவளால் உட்கார முடியவில்லை.